ரிப்போட்டில் உள்ள மூன்று வரியும் அப்பாவின் இருபது நிமிடமும்

வாசகர் கேள்வி:

வணக்கம் டொக்டர். நாங்கள் உடுவிலில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது, வெங்காயத் தோட்டம் செய்கிறவர். பத்து வருடமாகப் பிறஷருக்குக் குளிசை எடுக்கிறார். போன மாதம் ஒருநாள் காலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்தது. தண்ணீர் கேட்க வாயெடுத்தவர் 'மண்வெட்டி' என்று சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். இருபது நிமிடத்தில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. களைப்பாக்கும் என்று விட்டுவிட்டு மறுநாள்தான் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். மூளை ஸ்கானில் பாதிப்பு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் நாடிகளைத் தனியாக எடுத்த எம்.ஆர்.ஏ. ரிப்போட்டில் மூன்று வரிகள் இருக்கின்றன. வலது வெர்ட்டிபிரல் நாடி ஹைப்போபிளாஸ்ரிக், வலது பின்மூளை நாடி ஃபீட்டல் வகை, இடது ஏ1 ஹைப்போபிளாஸ்ரிக். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா இணையத்தில் பார்த்துவிட்டு, மூளைக்கு இரத்தம் போகிற குழாய்கள் வளரவில்லை, சென்னைக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். காணியை ஈடு வைக்கவும் பேச்சு நடக்கிறது. அப்பாவோ குழாய் சின்னதென்றால் பிறஷர் கூட இருந்தால்தான் இரத்தம் ஏறும் என்று குளிசையை நிறுத்திவிட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள். இது பரம்பரையாக அவர்களுக்கும் வருமா?

வைத்தியரின் பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு விடயங்களை மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன். அப்பாவின் பிறஷர் குளிசையை இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள். இந்தக் கிழமைக்குள் கழுத்து நாடிகளுக்கு டொப்ளர் ஸ்கான் (ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற சோதனை) எடுங்கள் என்று. இரண்டையும் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே மூன்று வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் வருகிற குடும்பங்களை எங்கள் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் காணி. அதை ஈடு வைக்க வேண்டாம். பிறவியிலேயே ஒடுங்கியிருக்கும் மூளை நாடியைப் பெருப்பிக்க என்று ஓர் ஒப்பரேஷன் சென்னையிலும் இல்லை, ரொறன்ரோவிலும் இல்லை. அது தேவையும் இல்லை.

இனி அந்த மூன்று வரிகளுக்கு வருவோம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோவது நான்கு நாடிகள். கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு பெரியவை, கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள்ளால் ஏறிப்போகும் இரண்டு சிறியவை. அந்தச் சிறியவைதான் வெர்ட்டிபிரல். மூளையின் அடியில் இந்த நான்கும் சின்னச் சின்ன இணைப்புகளால் ஒன்றோடொன்று தொடுத்து ஒரு வளையம் போல நிற்கின்றன. 1664இல் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் அதை விளக்கி எழுதியதால் வில்லிஸ் வளையம் என்று பெயர். அவருக்கு மூளையின் படங்களை வரைந்து கொடுத்தவர் பிற்காலத்தில் லண்டன் சென் போல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென்.

அந்தப் படம் அழகானது. ஆனால் அது எல்லாருடைய தலைக்குள்ளும் இருப்பதல்ல. மாணவனாக யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் முதன்முதலாக ஒரு மூளையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. புத்தகத்தில் படித்த ஒழுங்கான வளையத்தைத் தேடினேன். ஒரு பக்கத்துப் பின் இணைப்பு, தையல் நூலை விட மெலிதாகக் கிடந்தது. மறுபக்கத்தில் சாக்குத் தைக்கிற நூல் அளவுக்குத் தடிப்பு. பக்கத்து மேசையில் வேறொரு அமைப்பு. நாங்கள் பார்த்த நான்கு மூளைகளில் ஒன்றுகூட படத்தைப் போல இருக்கவில்லை. பிழையாக வெட்டிவிட்டோமோ என்று விரிவுரையாளரிடம் கேட்டோம். "படம்தான் அரிது, பிள்ளைகள்" என்றார். அது உண்மை. புத்தகத்தில் உள்ளது போல முழுமையாகவும் சமச்சீராகவும் வளையம் அமைந்தவர்கள் மனிதர்களில் பாதிப்பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு மாறுதலோடு பிறந்து, அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறோம். எம்.ஆர்.ஏ. எடுத்தால்தான் தெரியவரும். எடுத்ததால்தான் உங்கள் அப்பாவுக்கும் தெரிந்தது.

ஹைப்போபிளாஸ்ரிக் என்றால் குழாய் அடைபட்டது என்றோ நோய்ப்பட்டது என்றோ பொருள் இல்லை. அந்த நாடி பிறக்கும்போதே மெலிதாக அமைந்தது, அவ்வளவுதான். அடைப்பு இருந்தால் ரிப்போட்டில் ஸ்ரெனோசிஸ் அல்லது ஒக்குளூஷன் என்ற சொல் இருக்கும். நீங்கள் அனுப்பிய பிரதியை இரண்டு முறை வாசித்தேன், அந்தச் சொற்கள் எங்கும் இல்லை. நாடி பிறவியில் மெலிந்ததா பிறகு ஒடுங்கியதா என்று எங்களால் பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடியும். பிறவியில் மெலிந்தது தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீராக மெலிந்திருக்கும். வெர்ட்டிபிரல் என்றால் அது ஏறிப்போகும் எலும்புத் துளையும் சிறிதாகவே இருக்கும். கொழுப்புப் படிந்து ஒடுங்கியது ஓர் இடத்தில் திடீரென்று நெரிபட்டதுபோல் தெரியும். இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. ஊசி மருந்து ஏற்றாமல் எடுக்கிற எம்.ஆர்.ஏ. குழாயையே படம் பிடிப்பதில்லை, ஓடுகிற இரத்தத்தைத்தான் பிடிக்கிறது. ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் குழாய் உள்ளதைவிட ஒடுக்கமாகத் தெரியும்.

இடையில் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்று தமிழில் பெயர் வைத்துப் படிப்பித்த ஊர் இது. 'இது பிறவி அமைப்பு, அடைப்பு அல்ல' என்று ரிப்போட்டின் அடியில் ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் வீட்டில் இத்தனை நாள் நித்திரை கெட்டிருக்காது. நான் என் நோயாளருக்கு இப்போது எழுதிக் கொடுக்கிறேன்.

சரி, இந்த மாறுதல்களால் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

குடாநாட்டுக்குச் சாமான் வருகிற பெரிய வழி ஆனையிறவால் வருகிற ஏ9. சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி பக்கமாக வருகிறது இன்னொன்று. ஏ9 திறந்திருக்கிற நாளில் பூநகரிப் பாதை எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்பதில்லை. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பூட்டினபோது என்ன நடந்தது என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். அப்போது சங்குப்பிட்டியில் பாலம் இல்லை, அது 2011இல்தான் திறந்தது. கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வில்லிஸ் வளையத்தின் இணைப்புகளும் இப்படித்தான். நான்கு பெரிய நாடிகளும் திறந்திருக்கும் வரை அவை மெலிதோ தடிப்போ வித்தியாசம் தெரியாது. ஒரு பெரிய நாடி அடைபடும் நாளில்தான் மாற்றுப் பாதை உண்டா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினையாகிறது.

வில்லிஸ் அதையும் கண்டிருந்தார். வயிற்றில் வந்த நோயால் இறந்த ஒருவரின் உடலை அவர் ஆராய்ந்தபோது, வலது பக்கத்துக் கழுத்து நாடி கல்லுப்போல் இறுகிக் கிட்டத்தட்ட முழுதாக அடைபட்டிருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு உயிரோடிருந்த காலத்தில் பாரிசவாதம் வரவேயில்லை. அதே பக்கத்து வெர்ட்டிபிரல் நாடி பெருத்து, வளையத்தின் வழியாக அந்தப் பகுதிக்கு இரத்தம் கொடுத்துவந்திருக்கிறது.

உங்கள் அப்பாவின் மூன்று வரிகளையும் இந்தக் கண்ணால் பார்ப்போம். வெர்ட்டிபிரல் நாடிகள் இரண்டும் ஒரே அளவாக இருப்பவர்களே குறைவு. பலருக்கு இடது பெரிது. வலது மெலிதாக இருந்தால் இடது கூடுதலாகத் தூக்கும். பின்மூளையில் பாரிசவாதம் வந்தவர்களிடம் இந்த அமைப்பு சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் பிறஷர், சீனி வருத்தம், புகைத்தல் என்று வேறொன்று கூடச் சேர்ந்துதான் அங்கே அடைப்பு வருகிறது.

ஃபீட்டல் வகை என்ற சொல் உங்கள் அண்ணாவை மிகவும் பயமுறுத்தியிருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே வளர்ச்சி நின்றுவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை. தாயின் வயிற்றில் கரு வளரும்போது மூளையின் பின்பகுதிக்கு முதலில் இரத்தம் வருவது முன்பக்கக் கழுத்து நாடியிலிருந்துதான். பிறகு வெர்ட்டிபிரல்கள் வளர்ந்து அந்தப் பொறுப்பை எடுக்கும். சிலரில் பழைய ஏற்பாடே நிலைத்துவிடும். பத்துப் பேரை எடுத்தால் ஒருவரிலிருந்து மூவர் வரை ஏதாவது ஒரு பக்கத்தில் இப்படி இருக்கலாம். வடமராட்சிக்குப் போகிற லொறி யாழ்ப்பாணப் பட்டினம் வந்து சுற்றாமல் கொடிகாமத்திலேயே திரும்பிப் பருத்தித்துறை றோட்டால் போகிறதே, அதுபோல. சாமான் போய்ச் சேருகிறது, வழிதான் வேறு. வைத்தியருக்கு இதில் ஒரு கவனம் வேண்டும். இப்படி உள்ளவரின் முன்பக்கக் கழுத்து நாடியில் இரத்தக்கட்டி உருவாகிப் பறந்தால் அது பின்மூளைக்கும் போய்ப் பார்வையைக் கெடுக்கலாம். அமைப்புத் தெரியாவிட்டால் காரணத்தைத் தவறான குழாயில் தேடிக்கொண்டிருப்போம்.

மூன்றாவது வரியில் நான் கொஞ்சம் நிற்கிறேன். ஏ1 என்பது மூளையின் முன்பகுதிக்குப் போகிற நாடியின் முதல் துண்டு. இடது ஏ1 மெலிதென்றால் வலது ஏ1 இரண்டு பக்கத்துக்கும் இரத்தம் கொடுக்கும். அப்போது இரண்டும் சந்திக்கிற முன் இணைப்பில் இரத்தம் வேகமாக மோதும். அந்த இடத்தில் நாடிச் சுவர் புடைத்து அன்யூரிசம் வருவது இத்தகையவர்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் ரிப்போட்டில் 'அன்யூரிசம் இல்லை' என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள், அதனால் இப்போது பயமில்லை. ஆனால் அப்பாவின் கணக்கு எங்கே பிழைக்கிறது என்று பாருங்கள். பிறஷர் கூட இருந்தால் இரத்தம் ஏறும் என்று அவர் நினைக்கிறார். உண்மையில் பிறஷர் ஏறினால் அந்தச் சந்தியில் மோதலும் ஏறுகிறது. மூளைக்குத் தேவையான இரத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள மூளையின் சிறு நாடிகளுக்கே தெரியும். பிறஷர் ஓரளவு ஏறி இறங்கினாலும் அவை சுருங்கி விரிந்து சமன்செய்துவிடும். வருடக்கணக்கில் கூடிய பிறஷர் அந்தச் சிறு நாடிகளின் சுவரைத்தான் இறுக்கிக் கெடுக்கிறது. பெரும்பாலானோருக்கு 130க்கு 80 என்ற அளவுக்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. எழும்பும்போது தலை சுற்றினால் சொல்லட்டும், குளிசையின் அளவை மாற்றலாம். தானாக நிறுத்தக்கூடாது.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். அந்தக் காலை நேரத்தை நீங்கள் மிக நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். கோப்பை விழுந்தது வலது கையிலிருந்து. சொல் மாறி வந்தது; தண்ணீர், மண்வெட்டி ஆயிற்று. வலது கை பலமிழப்பதும் சொல் மாறுவதும் ஒன்றாக வந்தால் அது மூளையின் இடது பக்கம். அந்தப் பகுதிக்கு இரத்தம் கொண்டுபோவது இடது நடுமூளை நாடி, அதன் தாய் நாடி இடது கழுத்து நாடி. இனி ரிப்போட்டின் மூன்று வரிகளையும் திரும்பப் பாருங்கள். முதல் இரண்டும் வலது பக்கம், அதிலும் பின்பகுதி. மூன்றாவது இடதுதான், ஆனால் அந்த நாடி கவனிப்பது பெரும்பாலும் காலை இயக்குகிற பகுதியை. அப்பாவின் கால் ஒன்றும் இழுக்கவில்லையே. ஆகவே வீட்டில் எல்லாரும் பயந்துகொண்டிருக்கும் மூன்று வரிகளில் ஒன்றாலும் அந்த இருபது நிமிடத்தை விளக்க முடியாது.

அந்த இருபது நிமிடம் பாரிசவாதத்தின் முன்னறிவிப்பு. இரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்து, அதிர்ஷ்டவசமாகக் கரைந்துபோயிருக்கிறது. தானாகச் சரியாகிவிட்டது என்பதால்தான் அது ஆபத்தானது, யாரும் பொருட்படுத்துவதில்லை. பெரிய தாக்கம் வரக்கூடிய வாய்ப்பு முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். மறுநாள்தான் கூட்டிப்போனோம் என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, இனி அப்படி விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கட்டி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கான சோதனைகள் உங்கள் கடிதத்தில் இல்லை. இடது கழுத்து நாடியில் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருக்கலாம். டொப்ளர் கேட்டது அதற்காகத்தான். நூற்றுக்கு எழுபதோ அதற்கு மேலோ ஒடுங்கியிருந்தால், அந்தப் படிவை எடுத்துவிடுகிற ஒப்பரேஷன் உண்மையிலேயே பலன் தரும், முதல் இரண்டு கிழமைக்குள் செய்தால் பலன் அதிகம். உங்கள் விடயத்தில் அந்த நாள் கடந்துவிட்டது, அதனால் இனியும் தாமதிக்க வேண்டாம் என்கிறேன். அந்த ஒப்பரேஷன் தேவைப்பட்டால் மட்டும் மூன்றாவது வரிக்கு வேலை வருகிறது. கழுத்து நாடியைச் சற்று நேரம் பூட்டித்தான் அதைச் செய்வார்கள். இடது ஏ1 மெலிதானதால் வலது பக்கத்திலிருந்து வரவேண்டிய உதவி இரத்தம் அப்பாவுக்குக் குறைவாகவே வரும். சத்திரசிகிச்சை நிபுணர் அதை முன்பே அறிந்தால், பூட்டுகிற நேரத்தில் இரத்தம் போக ஒரு தற்காலிகக் குழாய் வைப்பார். ஆகவே அந்த ரிப்போட்டைக் கிழித்துப்போட வேண்டாம்.

அடுத்தது இதயம். துடிப்பு தாளம் தவறுகிற ஒரு வருத்தம் இருக்கிறது, இந்த வயதில் அது அரிதல்ல. அதில் இதயத்துக்குள்ளேயே கட்டி உண்டாகி மூளைக்குப் பறக்கும். ஒரு ஈ.சி.ஜி.யில் அகப்படாமல் போகலாம் என்பதால் 24 மணித்தியாலம் பதிவு செய்கிற கருவியை மாட்டிப் பார்ப்பதுண்டு. அது இருந்தால் இரத்தம் கட்டியாவதைத் தடுக்க அஸ்பிரின் போதாது, வேறு மருந்து. அது இல்லாவிட்டால் வழக்கமாக முதல் 21 நாளுக்கு அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து, பிறகு ஒன்றை மட்டும் தொடர்வோம். அப்பாவுக்கு எது என்று கிளினிக்கில் கேளுங்கள். வெறும் வயிற்றில் சீனி, கொலஸ்ரோல் இரண்டையும் பாருங்கள். சுருட்டுப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தோட்டத்தில் நிற்கிற எங்கள் ஊர் அப்பாமாரில் பலருக்கு அது உண்டு என்பதால் கேட்கிறேன். இருந்தால் இன்றோடு விடச் சொல்லுங்கள். கருவாடும் மோர்மிளகாயும் தினமும் வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த அமைப்புகள் சொத்துப்போல் எழுதிவைக்கப்படுவதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஸ்கான் வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய இரத்த உறவில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ மூளையில் அன்யூரிசம் இருந்தால்தான் மற்றவர்களைப் பார்ப்பது பற்றி யோசிப்போம். உங்கள் பிள்ளைகள் அப்பாவிடமிருந்து வாங்கக்கூடியது பிறஷர். நீங்களும் அண்ணாவும் அதை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திரும்பவும் நடந்தால் என்ன செய்வது என்பது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்கினால் விழுவது, பேச்சுக் குழறுவது அல்லது சொல் மாறுவது, ஒரு கண் திடீரென்று மறைவது: இவற்றில் ஒன்று போதும், 1990க்கு அடியுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கிற ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பொதுவாகப் போடுவோம், அதற்கு முன் சீ.ரி. ஸ்கான் எடுக்க வேண்டும். ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு அவர் சரியாக இருந்தார் என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். வாசலில் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். தேத்தண்ணீர், சோடா ஒன்றும் பருக்க வேண்டாம், விழுங்கமுடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகும் என்று கைபேசியில் சுற்றுகிற செய்தியை நம்ப வேண்டாம். வீட்டில் வைத்து அஸ்பிரினும் கொடுக்காதீர்கள். அது அடைப்பா இரத்தக்கசிவா என்று ஸ்கான் பார்த்துத்தான் தெரியும். வாழ்க்கையில் வராத அளவுக்கு ஒரு தலையிடி ஒரு நொடியில் வெடித்ததுபோல் வந்தாலும் இதே அவசரம்தான்.

டொப்ளருக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் எம்.ஆர்.ஏ. சீடியையும் மறக்காமல் கொண்டுபோங்கள், ரிப்போட் தாள் மட்டும் போதாது. அண்ணாவிடம் இந்தப் பதிலை அனுப்பி, சென்னைப் பயணத்துக்கு வைத்திருக்கும் காசில் அப்பாவுக்கு நல்ல பிறஷர் கருவி ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், மணிக்கட்டில் கட்டுகிற வகை அல்ல, புயத்தில் கட்டுவது. காலையும் மாலையும் ஏழு நாள் பார்த்து எழுதின கணக்கோடு டொப்ளர் முடிவையும் எனக்கு அனுப்புங்கள்.